பெட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை

பழைய பேனல் திரும்பி வந்த அன்று மழை விடாமல் பெய்தது. ஐஸ் ஃபேக்டரி வண்டிக்காரர் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். கெட்டுப்போன பெட்டிக்குத் தார்ப்பாய் எதற்கு என்று கேட்டதற்கு, "நனைஞ்சிடக் கூடாதுல்ல" என்றார். நனைந்துதான் அது கெட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நாலு பேர் சேர்ந்து இறக்கிப் பட்டறைச் சுவரோரம் நிறுத்தினார்கள். ஆள் உயரம், அகலம் ஒரு கதவளவு. ஆறு வருஷம் உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்ததில் சாம்பல் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒயரிங் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். என்ன பெட்டி என்று தெரிந்ததும் கையிலிருந்த ஒயர் நழுவிக் கீழே விழுந்தது.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பேனல்காரரின் மனைவி, இருபது வருஷமாக ஒயரிங் அவள் கைவேலை. பேனல் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு தொழிற்சாலையின் மோட்டார்களை ஓட்டுகிற சுவிட்சுகளையும் பித்தளை, செம்புச் சாமான்களையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடக்கிவிடுவது. அடக்குவதில்தான் சாமர்த்தியம். அக்கா ஒயர்களை அளந்து வெட்டி, முனை சீவி, நம்பர் போட்டு, கட்டுக் கட்டாக இழுத்துக் கட்டினால் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பிய பிள்ளை மாதிரி இருக்கும். திறந்த கதவை மூட மனசு வராது என்று போட்டிப் பட்டறைக்காரர்களே சொல்வார்கள். அவளை அக்கா என்று முதன்முதலில் கூப்பிட்டவன் ஒருத்தன் உண்டு. கூடப் பிறந்தவன். அவன் மட்டும் ஆறு வருஷமாகக் கூப்பிடுவதில்லை.

பேனல்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"ஐஸ் ஃபேக்டரி கை மாறிடுச்சு. புது முதலாளி மூணு புதுப் பேனல் போடறாராம். மூணையும் நமக்கே தர்றேங்கறாரு."

"நமக்கா? வேற பட்டறை கிடைக்கலையாமா அவருக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். தப்பே பண்ணாதவன்கிட்ட வேலை குடுக்க மாட்டாராம். ஏன்னா அவன் இனிமேதான் பண்ணப் போறானாம். ஒரு மாதிரியான ஆளு." சிரித்துவிட்டு நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. இந்தப் பழசு ஏன் வெடிச்சுதுன்னு எழுதிக் கேக்கறாரு. கையெழுத்தோட. அதுக்குத்தான் பெட்டியையே அனுப்பிட்டாரு."

"என்னன்னு எழுதறது?"

"இதென்ன கேள்வி? நடந்ததை எழுது. பெட்டி சரியில்ல, செஞ்சவன் சரியில்ல. திறந்து ஒரு தடவை பாத்துட்டு விவரமா எழுதி வை. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

செஞ்சவன் என்று அவர் சொன்னது தன் மச்சினனை. ஒரு காலத்தில் வாய்க்கு வாய் "மாப்ள" என்று கூப்பிட்டவர்தான். இப்போது பெயரும் இல்லை, முறையும் இல்லை.

அந்தத் தம்பிக்குப் பட்டறையில் மூலைமட்டம் என்று பட்டப்பெயர். மடித்த தகட்டில் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் வெளியே விடமாட்டான். தகடு வெட்டுவது, மடிப்பது, வெல்டிங் வைப்பது எல்லாம் அவன். அதற்கும் முன்னால், எந்த இடத்துக்கு எந்தப் பெட்டி என்று முடிவு செய்வதும் அவன்தான். பேனல் நிற்கப்போகிற இடத்துக்குப் போய் அரைநாள் சும்மா உட்கார்ந்திருப்பான். தூசி எங்கிருந்து வருகிறது, தரையை எந்நேரம் கழுவுகிறார்கள், கேபிள் மேலிருந்து இறங்குமா கீழிருந்து ஏறுமா, கதவு எந்தப் பக்கம் திறந்தால் ஆபத்துக்கு ஆள் தப்பி ஓட வழியிருக்கும், எல்லாம் பார்ப்பான். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்டா" என்று பேனல்காரர் கேலி பண்ணுவார். கேலிதானே தவிர, அவன் சொன்ன பெட்டியைத்தான் போடுவார்.

இந்தப் பெட்டிக்காக ஐஸ் ஃபேக்டரிக்குப் போய்விட்டு வந்த அன்று மட்டும் அவன் முகம் தெளிவாக இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பட்டறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சோறும் பொரித்த முட்டையும். அவன் தட்டைத் தொடாமல் பேச ஆரம்பித்தான்.

"மாமா, அங்க வெளித் தண்ணிக்குப் பயமில்ல. ரப்பர் வச்சுக் கதவை இறுக்கிடலாம். உள்தண்ணிக்குத்தான் பயம்."

"உள்ள தண்ணி எங்கேருந்து வரும்? பெட்டிக்குள்ள கெணறா வெட்டியிருக்கோம்?"

"ஜில்லுத் தண்ணி ஊத்தின டம்ளர் வெளிய வேர்க்குதுல்ல? இந்தப் பெட்டி உள்பக்கம் வேர்க்கும். ரூம் பூரா ஈரக் காத்து. சுவரைத் தொட்டா கை மரத்துப் போவுது."

"வேர்த்தா விசிறி வை. பவுடர் போட்டு விடு."

வட்டம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பாவிமகன் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். அவன் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெட்டி பெயிண்ட் ஆகி வந்தது. உள்ளே சாமான் ஏற்றியாயிற்று. ஃபேக்டரிக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்ததால் பட்டறையே காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தூக்கி அனுப்புவதற்கு முந்தின நாள் அக்கா பெட்டியின் அடித்தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ நெருடியது. பின்பக்க மூலையில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. கேபிளுக்கான ஓட்டைகள் எல்லாம் முன்பக்கம் ஒழுங்காக வரிசையில், ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடியபடி இருந்தன. இது தனியாக, ஒன்றுக்கும் சம்பந்தமில்லாமல் நின்றது. பெயிண்ட் ஆன பிறகு போட்ட ஓட்டை என்பதால் விளிம்பில் வெறும் இரும்பு பளபளத்தது.

பேனல் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. திறந்த ஓட்டையோடு ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது. ஒரு பல்லி புகுந்தால் போதும், பல்லியும் போகும், பேனலும் போகும். பேனல்காரர் இதைத் தினமும் கத்துவார். மூலைமட்டம் அவசரத்தில் ட்ரில்லைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். புருஷன் கண்ணில் பட்டால் அவனை நார் நாராகக் கிழித்துவிடுவார். சுற்றுமுற்றும் பார்த்தாள். சிலிகான் குழாயை எடுத்து ஓட்டைக்குள் பிதுக்கி, விரலை எச்சிலில் நனைத்து வழித்துவிட்டாள். காய்ந்ததும் மேலே கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவளுக்கு முடிந்தது. தம்பி தப்பித்தான் என்று சந்தோஷமாகக் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

ஒரு மழைக்காலம் முழுக்கப் பேனல் நன்றாகத்தான் ஓடியது. மழை ஓய்கிற நேரத்தில் ஒருநாள் காலை மோட்டார் தானாக நின்றுவிட்டது என்று ஆபரேட்டர் கதவைத் திறந்தார். கீழ்வரிசைச் சுவிட்சுகளில் தீப்பொறி பறந்து வெடித்தது. அவர் வலதுகை வெந்துபோயிற்று. அப்புறம் ஆறிய கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான்.

மறுநாள் எல்லோரும் அங்கே நின்றார்கள். பேனல்காரர், தம்பி, பழைய முதலாளி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா. தரையெல்லாம் ஈரம்.

"கதவு ரப்பர் வழியா தண்ணி எறங்கியிருக்கு. இல்லேன்னா வெல்டிங்ல கசிவு. பெட்டியாடா செஞ்சிருக்க, வடிகட்டியாடா?" பேனல்காரர் முதலாளிக்கு முன்னால் வைத்துக் கத்தினார்.

"இல்ல மாமா. தண்ணி உள்ள வந்தாலும் நிக்க முடியாது. வடியறதுக்கு நான் அடியில ஒரு ஓட்டை..."

சொல்லிக்கொண்டே தம்பி மண்டியிட்டான். பெட்டிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த சந்தில் கையை விட்டுத் தடவினான். மூலைக்குப் போன விரல் அங்கேயே நின்றது. அப்படியே தலையை மட்டும் திருப்பி அக்காவைப் பார்த்தான்.

அக்கா வரைபடத்தைப் பார்த்தாள்.

"எங்கடா ஓட்டை? காட்டு!"

தம்பி கையை வெளியே எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல மாமா" என்றான். அதுதான் அவன் அங்கே பேசிய கடைசி வார்த்தை.

அக்காவுக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். அது வேறு ஓட்டையாக இருக்கும், ரப்பர்தான் சரியில்லை, அவன் எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லுகிறவன்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது நிஜம் மாதிரியே ஆகிவிட்டது. தம்பி தன் சாமான் பையை எடுத்துக்கொண்டு போனான். "கையை வேக வச்ச பெட்டிக்காரன்" என்று பேச்சுப் பரவிவிட்டதால் எந்தப் பேனல் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. ஊருக்கு அந்தக் கோடியில் தகரக் கொட்டகை போட்டு ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்து பிழைத்தான். கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பினான். "நீ போனா அப்படியே போயிடு" என்றார் பேனல்காரர். அவள் போகவில்லை. பெண் குழந்தை பிறந்ததாகக் காதில் விழுந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவள் வீட்டிலேயே நடந்தது, அவளே நடத்தி வைத்தாள்.

பழைய பேனல் திரும்பி வந்த மறுநாள் மழை விட்டிருந்தது. பேனல்காரர் செம்பு வாங்கப் போயிருந்த நேரத்தில் அக்கா பெட்டியைத் திறந்தாள். கரி வாசனை இன்னும் இருந்தது. அவள் கட்டிய ஒயர்க் கட்டுகள் பாதி உருகி, மீதி வரிசை மாறாமல் நின்றன. டார்ச்சைக் கீழே அடித்தாள். அடித்தகட்டிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு நாலு பக்கச் சுவரிலும் துருக்கோடு. தொட்டியில் தண்ணீர் நின்று வற்றினால் படியுமே, அந்த மாதிரி நேர்கோடு. அதற்கு மேலே துருவே இல்லை. மேலேயிருந்து கசிந்திருந்தால் சுவரில் இறங்கிய தடம் இருக்க வேண்டும். கதவு ரப்பரைச் சுற்றி ஒரு பொட்டுத் துரு கிடையாது. வெல்டிங் ஈயம் பூசினதுபோல் கெட்டியாக இருந்தது. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயே வேர்த்து, சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, போக வழியில்லாமல் நின்று, கீழ்வரிசை வரைக்கும் ஏறியிருக்கிறது.

பின்மூலையில் கையை வைத்தாள். பெயிண்ட் உரிந்து சிலிகான் மஞ்சளாகத் தெரிந்தது. அதன் மேல் வழித்துவிட்ட விரல் ரேகை அப்படியே இருந்தது. கேபிள் ஓட்டைகளைத் தவிர வேறு ஓட்டை எங்கேயாவது இருக்கிறதா என்று அடித்தகடு முழுக்கத் தடவினாள். இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே தடவினாள். இல்லை.

அன்று சமைக்கவில்லை. வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இரண்டு அறை. அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். பேனல்காரர் திரும்பி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காகப் பெட்டி செய்தவர் அடித்தகட்டில் ஒரு ஓட்டை வைத்திருந்தார். தவறாகப் போட்ட ஓட்டை என்று நினைத்து ஒயரிங் செய்த நான் அதை அடைத்துவிட்டேன். பெட்டியில் குறை எதுவும் இல்லை.' என்னடி இது?"

"நடந்ததை எழுதச் சொன்னீங்க."

"யாரைக் காப்பாத்த இப்படி எழுதற? உன் தம்பியையா?"

"அவனைக் காப்பாத்தப் போய்த்தாங்க அன்னிக்கு அடைச்சேன். உங்ககிட்ட திட்டு வாங்குவானேன்னு. இன்னிக்கு யாரையும் காப்பாத்தல."

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போனார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் சிலிகான் புட்டி மூடி மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கத்தினீங்க."

"நான் என்னிக்குத்தான் கத்தல? கத்தறவன் புருஷனா வாய்ச்சா பொய் சொல்லிடலாமா?"

"பொய் சொல்லல. சும்மா இருந்தேன்."

"அது அதைவிட மோசம்." சிலிகானைத் திருப்பிப் பார்த்தபடி தனக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "நானாவது குனிஞ்சு பாத்திருக்கணும். ஒரு டார்ச் அடிச்சுப் பாக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிருக்கு."

"இதைக் குடுத்தா மூணு பேனலும் போயிடுமா?"

"போகும். போகட்டும்." எழுந்து வந்து பேனாவைக் கேட்டார். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "நகல் ஒண்ணு எழுது. அவன்கிட்ட நீ கொண்டு போ. எனக்கு இப்ப அவன் மூஞ்சில முழிக்க முடியாது."

மறுநாள் தம்பியின் கொட்டகைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். வெல்டிங் வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. வாசலில் ஐந்து வயசுப் பெண் ஒன்று, தகட்டில் குறி போடுகிற சாக்கட்டியால் தரையில் வீடு வரைந்துகொண்டிருந்தது. மூக்கு, புருவம் எல்லாம் இவர்கள் வீட்டு ஜாடை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா?

"கேட் ஆர்டர் குடுக்க வந்தீங்களா?" என்றது குழந்தை.

தம்பி முகமூடியைத் தூக்கினான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்த பார்வையில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. "வாங்க" என்றான். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "உட்காருங்க."

சின்ன வயசிலிருந்து 'வா, போ' என்று பேசி, தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட தம்பி. அந்த 'வாங்க' அவளைச் செவிட்டில் அறைந்தது.

"இவங்க யாருப்பா?"

"பேனல் பட்டறையிலேருந்து வந்திருக்காங்க. நீ போய் வெளையாடு."

அத்தை என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை, சொல்லச் சொல்லிக் கேட்க அவளுக்கும் யோக்கியதை இல்லை. ஸ்டவ்வைப் பற்ற வைத்து அவனே டீ போட்டான். இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தான். சர்க்கரை அவளுக்குப் பிடித்த அளவில் சரியாக இருந்தது. அதைக் குடித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் அதைப் பார்க்காதவன்போலக் கடிதத்தைப் பிரித்துப் படித்தான். மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

"அந்த ஓட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதுடா."

"அடைச்சப்ப தெரியாது. சரி. நான் அடியில கையை விட்டுட்டு உங்களைப் பாத்தேனே, அப்ப?"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத் தெரியும்ல?"

"தெரியும்." அந்த வார்த்தையை அவள் தனக்குத்தானேகூட இதுவரை சொன்னதில்லை.

"அதான். அடைச்சதுக்கு எனக்குக் கோவமே கிடையாது. சொல்லாம போட்டது என் தப்பு. எல்லாரும் சிரிச்சீங்க. அந்த ரோஷத்துல, இவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு நானா ஒரு ஓட்டையைப் போட்டுட்டு, சல்லடை வாங்கி அப்புறமா மாட்டிக்கலாம்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் கை நல்லா இருந்திருக்கும். அதனாலதான் வாயை மூடிட்டு வெளிய வந்தேன்."

"அங்கேயே என்னைக் காட்டியிருக்கலாமேடா. இவதான் அடைச்சான்னு."

"மாமா நின்ன நெலைக்கு? உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு." வெல்டிங் கம்பியை எடுத்துத் தரையில் தட்டினான். "சாயங்காலம் வருவீங்கன்னு நெனச்சேன். வரல. சரி, நாளைக்கு வருவாங்கன்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு வருவீங்கன்னு வாசலையே பாத்துட்டு நின்னேன். பக்கத்துல நிக்கிறவ, யாரைப் பாக்கறீங்கன்னு கேக்கறா. இவ பொறந்தப்ப நிச்சயமா வருவீங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நெனைக்கறதை நிறுத்திட்டேன்."

"தப்புத்தான்டா. நான் பண்ணினது பெரிய தப்பு."

"இந்தக் கடுதாசியை என்கிட்ட எதுக்குக் கொண்டுவந்தீங்க? இதுல இருக்கறது எனக்குத் தெரிஞ்சதுதானே. ஆபரேட்டருக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அங்க போங்க. ஞாயித்துக்கெழமை தவறாம நான் போறேன். அவரால தூக்க முடியாததைத் தூக்கி வச்சுட்டு வருவேன். போறப்பல்லாம், பரவால்ல தம்பி, நீ என்ன வேணும்னேவா செஞ்ச, அப்படிம்பாரு. நான் செய்யாததுக்கு ஆறு வருஷமா மன்னிப்பு வாங்கிட்டிருக்கேன்."

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "புதுசுக்குப் பெட்டி நீ செய்வியா?"

"பெட்டி செய்யறதை விட்டுட்டேன்" என்றான். முகமூடியை இறக்கிக்கொண்டான். வெளியே வரும்போது குழந்தை தலை நிமிர்ந்து, "கேட் வேணாமா?" என்று கேட்டது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

ஆபரேட்டர் இப்போது சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். இடதுகையால் பொட்டலம் கட்டப் பழகியிருந்தார். அவள் படித்ததை முழுசாகக் கேட்டார். மடங்கிய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இவ்வளவு நாள் இதுக்குக் காரணம் உங்க தம்பின்னாங்க. இப்ப நீங்கதான்னு சொல்றீங்க. கை என்னவோ அதேதாம்மா" என்றார். அவள் கும்பிட்டதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அவள் திரும்பியபோது மட்டும் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உங்க தம்பியை நான் கேக்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டிருக்கேன். கட்டில் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தான் அந்தப் புள்ள. அதை நான் இனிமே யார்கிட்டப் போயித் திருப்பி வாங்கறது?"

அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு நடந்தாள்.

புது முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று பேனலை ஒன்றாகக் குறைத்தார். "ஒண்ணு போடுங்க. ஓட்டையோட ஒரு மழைக்காலம் ஓடட்டும், மத்ததைப் பாக்கலாம்" என்றாராம். பெட்டிக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று அக்கா பேனல்காரரிடம் கேட்டுவைத்தாள். ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அளவுத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் இரும்புத் தூள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. தகட்டைப் பிடிங்கன்னான், பிடிச்சேன். வெட்டி முடிச்சான். தாளை வாங்கி ஆணியில மாட்டிக்கிட்டான். வந்துட்டேன்."

"மாமான்னு கூப்பிட்டானா?"

"தகட்டைப் பிடிங்கன்னான்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தார் பேனல்காரர். சட்டையைத் தட்டாமலே உள்ளே போய்விட்டார்.

மூன்று வாரத்தில் பெட்டி வந்தது. வண்டிக்காரர் மட்டும் வந்தார், தம்பி வரவில்லை. சாம்பல் நிறம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லாத மூலைகள். கதவை ஒரு விரலால் தள்ளினால் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது. பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள். பெட்டி செய்வதை விட்டுவிட்டவன் செய்த பெட்டி அது.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். பின்மூலையில் ஓட்டை இருந்தது. பல்லி புகாமலிருக்கச் சல்லடை வைத்து, விளிம்புக்கும் பெயிண்ட் அடித்து, பார்த்தவுடனே வேண்டுமென்று வைத்த ஓட்டை என்று தெரிகிற மாதிரி இருந்தது. அதைச் சுற்றித் தகட்டில் ஏதோ புள்ளிகள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தகட்டில் குறி போடுகிற கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் புள்ளி புள்ளியாக அடித்து எழுதியிருந்தான்.

'அக்கா, இதை அடைக்காதே.'

தலையைப் பெட்டிக்குள் வைத்தபடியே அழுதாள். உள்ளே இருந்ததால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. பேனல்காரர் ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்டு, தானும் குனிந்து படித்தார். ஒயரிங் நடந்த பத்து நாளும் வேறு யாரையும் அந்தப் பெட்டிக்குள் கைவைக்க அவர் விடவில்லை. அவள் ஒயர் கட்டினாள். கட்டி முடிக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் விரலால் அந்தப் புள்ளிகளை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்தாள்.

பேனலை ஏற்றுகிற அன்றும் மழை தூறிற்று. வண்டிக்காரர் தார்ப்பாயை எடுத்ததும் அவளே வாங்கி நாலு மூலையும் இழுத்துக் கட்டினாள். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நனைந்துகொண்டு நின்றாள்.

தம்பி அதற்கப்புறமும் வரவில்லை. வழியில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறான். குழந்தை அவளைக் கேட் வேண்டாத அம்மா என்றுதான் அடையாளம் வைத்திருக்கிறது. ஆறு வருஷம் கழித்து அவன் கூப்பிட்ட ஒரே ஒரு அக்காவும் ஐஸ் ஃபேக்டரிக்குப் போய்விட்டது.